தேர்ந்தவரா, தேர்ந்தெடுக்கப்பட்டவரா, சீட்டு விழுந்தவரா? அதிகாரத்தை யார் கையில் கொடுப்பது என்பது பற்றி ஓர் ஒப்பீடு

புல்லாங்குழல் ஒன்றுதான் இருக்கிறது, கேட்கும் பிள்ளைகள் மூன்று பேர். ஒருத்திக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். இன்னொருவனிடம் விளையாட வேறு எதுவும் கிடையாது. மூன்றாமவள் மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்தக் குழலைத் தன் கையால் செய்தவள். யாருக்குக் கொடுப்பது நியாயம்? அமர்த்தியா சென் 2009இல் வெளிவந்த நீதி பற்றிய நூலில் வைக்கும் கணக்கு இது. குழல் கணக்கை முதலில் போட்டவர் அரிஸ்டாட்டில். நல்ல குழல் நன்றாக வாசிப்பவனுக்கே போக வேண்டும், குலமும் அழகும் பார்த்துக் கொடுக்கக் கூடாது என்றார். அதை அவர் சொன்னது இசையைப் பற்றிப் பேசும்போது இல்லை, ஆட்சிப் பதவிகளை யாருக்குப் பங்கிடுவது என்று பேசும்போது.

சென் சொல்லும் மூன்று பிள்ளைகளும் அரசியலுக்குள் வந்தால் பேச்சு இப்படி இருக்கும்: விவரம் தெரிந்தவர் ஆளட்டும்; அடிபடப் போகிறவர் ஆளட்டும்; உழைத்துக் கட்டியவர், வரி கொடுப்பவர் ஆளட்டும். மூன்றிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் அதிகாரம் குழலைப் போன்றதில்லை. குழலைத் தவறானவரிடம் கொடுத்தால் காது வலிக்கும், அவ்வளவுதான். அதிகாரத்தைத் தவறானவரிடம் கொடுத்தால் வலி அடுத்தவருக்கு. போதாக்குறைக்கு, அடுத்த முறை அது யாருக்குப் போகும் என்று முடிவு செய்யும் உரிமையும் அதே கையில் சிக்கிக்கொள்ளும். தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் 1945இல் பிடித்த இடம் இதுதான். 'யார் ஆள வேண்டும்' என்று கேட்டால் 'நல்லவர், வல்லவர்' என்றுதான் பதில் வரும், அதனால் ஒரு பயனும் இல்லை. மோசமானவர் வந்துவிட்டால் ரத்தம் சிந்தாமல் எப்படி இறக்குவது என்று கேளுங்கள் என்றார்.

அந்தக் கேள்வியோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொண்டால் எந்த ஆட்சி முறையையும் எடை போட்டுவிடலாம். விவரம் இல்லாமல் செய்யும் பிழையை அது தடுக்கிறதா? தெரிந்தே தன் பக்கம் ஒதுக்கிக்கொள்வதைத் தடுக்கிறதா? யாருடைய குரல் உள்ளேயே வராமல் போகிறது? ஒரு முறை ஒன்றில் தேறி இன்னொன்றில் தோற்கும். எல்லாவற்றிலும் தேறும் முறை கிடையாது. அதனால் எந்த வேலையில் எந்தப் பிழைக்கு நாம் அதிகம் அஞ்சுகிறோம் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். நாட்டின் அரசியல் சட்டமானாலும் ஒரு சங்கத்தின் விதிமுறையானாலும் கணக்கு ஒன்றே.

பிறப்பு, பணம் ஆகிய இரண்டையும் விரைவாகக் கடந்துவிடலாம். பரம்பரை ஆட்சிக்குச் சாதகமாகச் சொல்லத்தக்கது ஒன்றே: அடுத்தவர் யார் என்ற சண்டை குறையும். அதுகூட வாரிசு ஒருவராக இருக்கும்வரைதான். சொத்து உள்ளவருக்கே வாக்கு என்ற முறையின் வாதம் 'இழக்க ஏதாவது இருப்பவன்தான் பொறுப்போடு நடப்பான்' என்பது. கையில் எதுவும் இல்லாதவன்தான் ஒரு தவறான சட்டத்தால் முதலில் சோறிழப்பான் என்பதை அந்த வாதம் கணக்கில் எடுப்பதே இல்லை.

அறிந்தவர் ஆட்சி

பண்டைய கிரேக்கத் தத்துவ அறிஞர் பிளேட்டோவின் வாதத்தைக் கேலி செய்வது எளிது, முறியடிப்பது அவ்வளவு எளிதில்லை. அவர் காட்டும் கப்பலின் சொந்தக்காரர் ஆள் திடகாத்திரம்தான், ஆனால் காது மந்தம், பார்வை மங்கல், கடல் பற்றிய அறிவும் அதே அளவுதான். மாலுமிகள் ஆளுக்கு ஆள் சுக்கானைப் பிடிக்க அடித்துக்கொள்கிறார்கள். கப்பலோட்டுவது கற்க வேண்டிய கலை என்றே அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. நட்சத்திரத்தையும் காற்றையும் பருவத்தையும் படித்தவனை 'வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வெட்டிப்பயல்' என்கிறார்கள். நோய் வந்தால் வாக்கெடுப்பு நடத்தாமல் மருத்துவரிடம் போகிற நாம், நாட்டை மட்டும் ஏன் வாக்கெடுப்பில் விடுகிறோம் என்பதுதான் கேள்வி.

அதற்கு அவர் போட்ட பாடத்திட்டம் எளிதானதில்லை. இளமையில் இசையும் உடற்பயிற்சியும். 20 வயதில் ஒரு சல்லடை, அதில் தேறியவர்களுக்கு 10 ஆண்டுகள் கணிதம். 30இல் இன்னொரு சல்லடை, பிறகு 5 ஆண்டுகள் தருக்கம். 35இலிருந்து 15 ஆண்டுகள் சின்னப் பதவிகளில் வேலை. 50 வயதில்தான் ஆட்சி. பெண்களும் இதில் சேரலாம் என்றார். அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். காவலர்களுக்குச் சொந்தச் சொத்து கிடையாது, பொன்னும் வெள்ளியும் தொடக்கூடாது, தனிக் குடும்பம் கூடக் கிடையாது. தன்னலம் என்ற நோய்க்குப் பிளேட்டோ மருந்து வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. வைத்த மருந்து மனிதர் யாரும் விழுங்க முடியாத அளவுக்குக் கசப்பு.

கப்பல் உவமையில் விரிசல் வேறொரு இடத்தில் இருக்கிறது. மாலுமிக்கு வழி தெரியும். எந்தத் துறைமுகத்துக்குப் போவது என்பதைப் பயணிதான் சொல்ல வேண்டும். அணை கட்டினால் எத்தனை அடி நீர் நிற்கும் என்பது நிபுணர் கேள்வி. அதற்காக எந்த ஊரை மூழ்கடிப்பது நியாயம் என்பதற்கு நிபுணர் கிடையாது. அரசியலில் இந்த இரண்டும் ஒட்டியே வரும், பிரித்தெடுப்பதுதான் பாதி வேலை. வழி பற்றிய கேள்வியை அறிந்தவரிடம் விடுவதோடு நில்லாமல், போகுமிடம் பற்றிய கேள்வியையும் அவரிடமே ஒப்படைப்பது இந்த முறையின் வழக்கமான சறுக்கல்.

அறிந்தவர் யார் என்று யார் தேர்வு வைப்பது என்பது அடுத்த சிக்கல். இதை உலகத்திலேயே மிக நீண்ட காலம் செய்து பார்த்தது சீனா. சுய் வம்சக் காலத்தில் தொடங்கி 1905 வரை, ஏறத்தாழ 1300 ஆண்டுகள், அதிகாரிகளைத் தேர்வெழுத வைத்து எடுத்தார்கள். சோங் வம்சக் காலத்தில் விடைத்தாளில் பெயர் இருக்கும் இடத்தைத் தாள் ஒட்டி மறைத்தார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று, எழுத்தர்களை உட்கார்த்தி ஒவ்வொரு தாளையும் படியெடுத்து, அந்தப் படியைத்தான் திருத்துபவருக்குக் கொடுத்தார்கள். இன்றைய தேர்வு வாரியங்கள் பாடம் கற்க வேண்டிய நேர்மை. ஆனாலும் பழுது வந்தது, வேறு வாசல் வழியாக. என்ன கேட்பது என்பதை அரசு தீர்மானித்தது. பழைய நூல்களும் அவற்றுக்கு அதிகாரபூர்வமான ஒரே உரையும் பாடமாயின. பிற்காலத்தில் எட்டுக் கால் கட்டுரை என்ற இறுகிய வடிவம் வந்தது. தாள் திருத்துவதில் வஞ்சனை இல்லை, ஆனால் தேறியவர்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பேரரசர் எந்தத் தேர்வும் எழுதவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

இதன் மென்மையான வடிவம் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1861இல் முன்வைத்த எடையிட்ட வாக்கு: அநேகமாக எல்லாருக்கும் ஒரு வாக்கு, படித்தவருக்குக் கூடுதல் வாக்கு. படித்தவர்கள் மட்டுமே சேர்ந்து மற்ற எல்லாரையும் தோற்கடிக்கும் அளவுக்கு அது போகக் கூடாது என்று அவரே வரம்பும் கட்டினார். பிரிட்டனில் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்குத் தனித் தொகுதிகள் இருந்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவற்றை ஒழித்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதே எண்ணம் எப்படித் திரிந்தது என்று பார்த்தால் ஆபத்து புரியும். மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிவு செய்ய வருபவர் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். எந்தப் பிரிவு என்று தேர்ந்தெடுப்பவரும் பதிவாளர், விளக்கம் சரியா என்று சொல்பவரும் அதே பதிவாளர். வெள்ளையருக்கு ஒரு வரிப் பிரிவும் கறுப்பருக்குப் பக்கம் நீளும் பிரிவும் கொடுக்க இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டுமா? 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்துதான் இதற்குத் தடை விழுந்தது. தகுதித் தேர்வு வைக்கும் எந்த ஏற்பாட்டிலும் முதலில் தேட வேண்டியது விடைக்குறிப்பு எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதை.

இறக்குவது எப்படி என்ற கேள்விக்கு அறிந்தவர் ஆட்சியிடம் பதிலே இல்லை. அறியாதவர் அறிந்தவரைப் பதவியிலிருந்து நீக்கலாமா என்று கேட்டால், கூடாது என்பதுதான் கொள்கைக்கு ஏற்ற விடை. இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன் கெடுக்க எதிரி இல்லாமலே கெடுவான் என்று நம் மரபு சொல்வது இங்கே வந்து பொருந்துகிறது. பிளேட்டோவே சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரை ஆண்ட இளம் டயோனீசியசைத் தத்துவ அரசனாக்கக் கடல் கடந்து போய், காரியம் ஆகாமல் திரும்பியவர். முதுமையில் எழுதிய கடைசி நூலில் அவர் தத்துவ அரசனைத் தேடவில்லை, சட்டத்தை மேலே வைத்தார்.

தேர்தல்

இன்று மக்களாட்சி என்றால் தேர்தல் என்று பொருளாகிவிட்டது. அரிஸ்டாட்டில் கேட்டால் சிரிப்பார். குலுக்கல்தான் மக்களாட்சிக்குரியது, தேர்தல் சிலராட்சிக்குரியது என்பது அவர் கால வழக்கு. காரணம் எளிது: தேர்ந்தெடுக்கச் சொன்னால் மக்கள் தங்களைவிட ஏதோ ஒன்றில் உயர்ந்தவரைத்தான் தேடுவார்கள். பணம், குடும்பம், பேச்சு, முகம், ஏதாவது ஒன்று.

தேர்தலுக்கு ஆதரவான வாதங்களில் கணக்கோடு வருவது பிரெஞ்சுக் கணித அறிஞர் கொந்தோர்சே 1785இல் சொன்னது. சரி, தவறு என்ற இரண்டே விடையுள்ள ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் சரியாகச் சொல்ல வாய்ப்பு 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். தனி ஆளை நம்பினால் 60. 11 பேரின் பெரும்பான்மையை நம்பினால் 75. 101 பேர் என்றால் 98. சாதாரண ஆட்கள் கூடினால் நிபுணரை மிஞ்சலாம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான நிரூபணம் கிடையாது. கூடவே ஒரு கத்தியும் இருக்கிறது. ஒவ்வொருவரும் சரியாகச் சொல்ல வாய்ப்பு 40ஆக இருந்தால், அதே 11 பேரின் பெரும்பான்மை 25க்கு இறங்கிவிடும். கூட்டம் பெருகப் பெருகத் தவறு உறுதியாகும். இன்னொன்று, ஒவ்வொருவரும் தானாக யோசித்திருக்க வேண்டும். 101 பேரும் ஒரே தலைவர் பேச்சைக் கேட்டுக் கை தூக்கினால் அங்கே இருப்பது ஒரே வாக்கு, வாய்ப்பும் மறுபடி 60தான். எனவே தேர்தல் நல்ல முடிவைத் தருமா என்பது வாக்குச்சாவடியைவிட, செய்தி எங்கிருந்து எத்தனை வழியாக வருகிறது என்பதில்தான் அதிகம் தொங்குகிறது.

நீதிக் கண்ணோடு பார்த்தால் தேர்தலின் பெரிய குறை வேறு. 10 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிரிவினர் 60, இன்னொரு பிரிவினர் 40. அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி என்ற விதியில் முதல் பிரிவுக்கு 10 இடம், இரண்டாவதற்குச் சுழி. பத்தில் நான்கு பேர் அவையில் இல்லவே இல்லை. விகிதாசார முறையில் அவர்களுக்கு 4 இடம் கிடைத்திருக்கும். தோற்றவர் அடுத்த முறை வெல்லலாம் என்ற நம்பிக்கையில்தான் தோல்வியை ஏற்கிறார். பிரிவு என்பது கருத்தால் வந்தால் அந்த நம்பிக்கை உண்டு. மொழியால், சாதியால், நிறத்தால், மதத்தால் வந்தால் இன்று 40 ஆக இருப்பவர் எந்நாளும் 40தான். அவரிடம் போய் 'இது பெரும்பான்மை முடிவு, கட்டுப்படுங்கள்' என்பதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

சரி, வாக்காளர் யார் என்பதை முடிவு செய்வது யார்? ஏற்கெனவே வாக்கு வைத்திருப்பவர்கள். சுவிட்சர்லாந்தில் பெண்களுக்குக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்கு தருவதா என்று 1959இல் ஆண்கள் வாக்களித்து மறுத்தார்கள், 1971இல் ஏற்றார்கள். அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலத்தில் உள்ளூர் வாக்குரிமை 1990இல் நீதிமன்றத் தீர்ப்பால்தான் வந்தது. 'உன் நலனை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற வாதத்துக்கு வரலாறு கொடுத்திருக்கும் மதிப்பெண் இதுதான். ஜேம்ஸ் மில் 1820இல் பெண்களின் நலன் தந்தை அல்லது கணவர் நலனுக்குள் அடங்கிவிடுகிறது என்று எழுதினார். வில்லியம் தாம்சன் 1825இல் ஒரு முழு நூல் எழுதி அதைக் கிழித்தார். ஜேம்ஸ் மில்லின் மகனே, மேலே சொன்ன ஜான் ஸ்டூவர்ட் மில், பின்னாளில் பெண் வாக்குரிமைக்காக நாடாளுமன்றத்தில் பேசினார்.

இத்தனை குறைக்கும் ஈடாகத் தேர்தலிடம் ஒரு சரக்கு இருக்கிறது, மற்றவற்றிடம் இல்லாதது. ஆளை இறக்குவதற்குக் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மறைவில் ஒரு குறி, போதும்.

குலுக்கல்

இன்று ஏளனமாகப் பார்க்கப்படுவது இந்த முறை, ஆனால் வேலைப்பாடு அதிகம் உள்ளதும் இதுதான்.

பண்டைய கிரேக்க நகர அரசான ஏதென்சில் 500 பேர் அவை, 10 குலங்களிலிருந்து குலத்துக்கு 50 பேர், குலுக்கலில். வயது 30 ஆகியிருக்க வேண்டும். பதவி ஓராண்டு, வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. நீதிமன்றத்துக்கு ஆண்டுக்கு 6000 பேர் பட்டியலில் இருப்பார்கள். அன்றன்று யார் எந்த வழக்குக்கு என்பதை ஒரு கல் பொறி சொல்லும். நிமிர்ந்து நிற்கும் பலகைக்கல், அதில் வரிசை வரிசையாகப் பிளவுகள். ஆளாளுக்குப் பெயர் பொறித்த சிறு தகடு அந்தப் பிளவில் செருகப்படும். பக்கத்தில் ஒரு குழாய், அதில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் கலந்து போடப்படும். திறந்தால் ஒன்று விழும். வெள்ளை என்றால் முதல் வரிசை முழுவதும் இன்று நீதிபதிகள். கறுப்பு என்றால் வரிசை முழுவதும் வீட்டுக்கு. காலையில் வந்து நிற்கும்வரை யார் தன் வழக்கைக் கேட்கப் போகிறார் என்று வழக்காடிக்குத் தெரியாது. யாருக்கு லஞ்சம் கொடுப்பது?

உத்திரமேரூரில் முதல் பராந்தக சோழன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையும் இதே கவலையோடு எழுதப்பட்டது. 30 குடும்புகள், அதாவது ஊரின் பகுதிகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, குடத்தில் இட வேண்டும். குடத்தைக் கூட்டம் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். எதுவும் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் நடுவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், வாசிக்க வேண்டும். பிறகு மற்றவர்களும் வாசிக்க வேண்டும். ஐந்து விரல் விரிப்பது ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. விரலிடுக்கில் இன்னோர் ஓலை இருந்து யாரோ எப்போதோ மாட்டியிருக்க வேண்டும். வந்த 30 பேரில் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். ஏற்கெனவே வாரியத்தில் இருந்தவர் மூன்றாண்டு கழியாமல் மீண்டும் வர முடியாது.

அதே கல்வெட்டில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வயது 35 முதல் 70 வரை, கால் வேலிக்குக் (வேலி பழைய நில அளவு) குறையாத, வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. அது பிராமணர் சபை. நிலமில்லாதவர், மற்ற சாதியார், பெண்கள் யாருடைய பெயரும் ஓலைக்கே போகாது. ஏதென்சிலும் பெண்கள், அடிமைகள், குடியேறியவர் யாருக்கும் தகடு கிடையாது. குலுக்கல் எவ்வளவு நேர்மையானது என்பது குடத்துக்கு வெளியே, பெயர் எழுதும்போதே முடிவாகிவிடுகிறது. குடவோலையை மக்களாட்சிக்குச் சான்றாகப் பெருமை பேசுபவர்கள் அந்தத் தகுதி வரிகளையும் சேர்த்து வாசிப்பது நல்லது.

வெனிஸ் நகரத்தார் இன்னும் ஒரு படி போனார்கள். 1268 முதல் 1797இல் குடியரசு விழும்வரை, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வழி இது: பேரவையிலிருந்து 30 பேர் குலுக்கலில், அது குலுக்கலில் 9 ஆகும்; அந்த 9 பேர் 40 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள்; 40 குலுக்கலில் 12 ஆகும்; 12 பேர் 25 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள்; அது குலுக்கலில் 9; அவர்கள் 45 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள்; அது குலுக்கலில் 11; அவர்கள் தேர்ந்தெடுக்கும் 41 பேர்தான் தலைவரை முடிவு செய்வார்கள், 25 வாக்காவது வேண்டும். படிக்கும்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் கோஷ்டி சேர்க்க முயலும் ஒருவரின் இடத்தில் நின்று பாருங்கள்: எந்தப் படியில் யாரைப் பிடித்தாலும் அடுத்த குலுக்கல் அவரைத் தள்ளிவிடலாம். தேர்தல் தகுதியைப் பார்த்துக்கொள்ள, குலுக்கல் கோஷ்டியை உடைக்க. அங்கும் உருண்டையை எடுத்தது ஒரு சிறுவன்தான்.

குலுக்கல் வைப்பவர் முதலில் போட வேண்டிய கணக்கு அளவு பற்றியது. மக்கள்தொகையில் 20 விழுக்காடு உள்ள ஒரு பிரிவு, 12 பேர் கொண்ட குழுவில் ஒருவர்கூட இல்லாமல் போக வாய்ப்பு ஏறக்குறைய 7 விழுக்காடு. 5 விழுக்காடு உள்ள சிறு பிரிவு என்றால் 54 விழுக்காடு, அதாவது பாதிக்கு மேல். குழுவை 50 ஆக்கினால் அது 8க்கு இறங்கும், 100 ஆக்கினால் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. சிறிய குழுவைக் குருட்டுக் குலுக்கலில் எடுத்துவிட்டு 'எல்லாரையும் பிரதிபலிக்கிறது' என்று சொல்லக் கூடாது. ஒன்று குழு பெரிதாக வேண்டும், அல்லது பிரிவுவாரியாகத் தனித்தனிக் குடம் வைக்க வேண்டும். அடுத்த ஓட்டை, சீட்டு விழுந்தவர் 'வரவில்லை' என்பது. கூலி விட்டு வர முடியாதவரும் கைக்குழந்தை உள்ளவரும் மறுப்பார்கள், ஓய்வும் ஆர்வமும் உள்ளவர் வருவார்கள். குலுக்கல் மெல்லத் தன்னார்வக் குழுவாக மாறிவிடும். ஏதென்சின் தலைவர் பெரிக்கிளீஸ் நீதிமன்றத்தில் உட்காருபவர்களுக்குப் படிப்பணம் கொடுத்தது இதற்குத்தான். மூன்றாவது ஓட்டை கண்ணுக்குத் தெரியாதது: குழு என்ன பேச வேண்டும், எந்த நிபுணரைக் கேட்க வேண்டும் என்பதை எழுதும் அலுவலகம். சீட்டில் வந்த 100 பேர் ஓராண்டில் போய்விடுவார்கள், அலுவலகம் அங்கேயே இருக்கும்.

இன்றைய பரிசோதனைகளில் இரண்டை அருகருகே வைக்கலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2004இல், 79 தொகுதிகளிலிருந்து தொகுதிக்கு ஓர் ஆண், ஒரு பெண், பழங்குடியினரிலிருந்து இருவர் என 160 பேரைக் குலுக்கலில் எடுத்துத் தேர்தல் முறையையே மாற்ற யோசனை கேட்டார்கள். அவர்கள் பரிந்துரைத்த முறை 2005 பொதுவாக்கெடுப்பில் 57.7 விழுக்காடு வாங்கியது. அரசு வைத்திருந்த வரம்பு 60. பரிந்துரை செத்தது. அயர்லாந்தில் 2016இல் கூடிய மக்கள் மன்றத்தில் 99 பேர், தலைமைக்கு ஒரு நீதிபதி. கருக்கலைப்புத் தடையை நீக்கலாம் என்றார்கள். நாடாளுமன்றக் குழு பரிசீலித்தது, 2018 மே மாதம் பொதுவாக்கெடுப்பில் 66.4 விழுக்காடு ஆதரவோடு நிறைவேறியது. கட்சிகள் தொட அஞ்சிய கேள்வி அது. அயர்லாந்தில் குலுக்கல் குழுவுக்கும் முடிவெடுக்கும் சபைக்கும் நடுவே பாலம் இருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடுவே இருந்தது வெறும் வரம்புக்கோடு.

ஆனாலும் ஒன்று. ஏதென்சுக்காரர்கள் படைத்தலைவர்கள் 10 பேரையும் தேர்தலில்தான் எடுத்தார்கள், மறுபடி மறுபடி நிற்கவும் விட்டார்கள். கடலில் கப்பலை யாரிடம் கொடுப்பது என்று பிளேட்டோ சொல்லித் தெரிய வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை.

யார் ஆண்டாலும் தாண்டக் கூடாத கோடு

கி.மு. 406, அர்கினுசே கடற்போர். ஏதென்ஸ் வென்றது. ஆனால் புயலில், மூழ்கிய கப்பல்களின் வீரர்களை மீட்க முடியவில்லை. மக்கள் பேரவை கொதித்தது. 8 படைத்தலைவர்களையும் தனித்தனியாக விசாரிக்காமல் ஒரே வாக்கில் தீர்ப்பளிக்கத் தீர்மானம் வந்தது. அது சட்டத்துக்கு மாறானது என்று சிலர் சொன்னபோது, மக்கள் நினைத்ததைச் செய்ய விடாமல் தடுப்பது அநியாயம் என்று கூட்டம் கூச்சலிட்டது. அன்று அவையை நடத்தும் முறை வந்திருந்தவர்களில் சாக்ரட்டீசும் ஒருவர். அவர் கடைசிவரை இணங்கவில்லை. ஊர் திரும்பியிருந்த 6 பேர் கொல்லப்பட்டார்கள். பிறகு மக்கள் வருந்தி, தூண்டியவர்கள் மீது வழக்குத் தொடுத்தார்கள். செத்தவர் செத்தவர்தான்.

கற்ற பாடத்தை அவர்கள் விதியாக மாற்றினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. கி.மு. 403க்குப் பிறகு சட்டம் வேறு, பேரவைத் தீர்மானம் வேறு என்று பிரித்தார்கள். தீர்மானம் சட்டத்தை மீற முடியாது. புதிய சட்டம் என்றால் நீதிமன்றப் பட்டியலிலிருந்து வரும் தனிக் குழு வாதம் கேட்டு முடிவு செய்யும். சட்டத்துக்கு மாறான தீர்மானம் கொண்டுவந்தவர் மீது எந்தக் குடிமகனும் வழக்குப் போடலாம் என்ற பழைய விதியும் தொடர்ந்தது. கொடுங்கோலன் ஒருவனானாலும் ஐயாயிரம் பேரானாலும் அடிபடுபவனுக்கு வலி ஒன்றுதான் என்பதை ஒத்துக்கொண்ட ஏற்பாடு.

இதற்கும் விலை உண்டு. இந்த எல்லைக்கோட்டைக் காக்கும் நீதிபதிகளை யார் தேர்ந்தெடுப்பது, அவர்களை யார் இறக்குவது என்ற கேள்வி மறுபடி தலை தூக்கும். எல்லைக்கோட்டை மாற்றவே முடியாதபடி இறுக்கினால் இறந்தவர் உயிரோடிருப்பவரை ஆளுவார்; எளிதாக மாற்ற விட்டால் அது கோடே இல்லை.

நீதிக் கொள்கை மாறினால் தேர்வும் மாறுமா?

மாறும், ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. மொத்த நன்மை பெருக வேண்டும் என்பவர்களுக்கு ஆட்சி முறை ஒரு கருவி, எது நல்ல விளைவு தருகிறதோ அது. கேட்கச் சுத்தமாக இருக்கும்; விளைவை அளப்பவர் யார் என்றதும் அறிந்தவர் ஆட்சியின் எல்லாச் சிக்கலும் பின்வாசலில் வந்து நிற்கும். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் 1974இல் எழுதியதன்படி அரசின் கை உயிர், உடைமை, ஒப்பந்தப் பாதுகாப்புக்கு மேல் நீளக் கூடாது. அதிகாரமே சின்னதாகிவிட்டால் யாரிடம் இருந்தால் என்ன என்ற ஆறுதல் அதில் உண்டு. ஆனால் எது யாருடைய உடைமை, பழைய அபகரிப்பை எப்படிச் சரிசெய்வது என்று முடிவு செய்ய ஓர் அதிகாரம் வேண்டுமே, அது சின்ன அதிகாரம் இல்லை.

தேர்வு செய்ய உட்காருபவருக்கு அதிகம் உதவுவது இன்னோர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971இல் கொடுத்த இரண்டு கருவிகள். ஒன்று எல்லாருக்கும் தெரிந்த அறியாமைத் திரை: நீ ஆணா பெண்ணா, எந்தப் பிரிவு, எவ்வளவு சொத்து என்று தெரியாத நிலையில் விதியை எழுது. மேலே சொன்ன 60க்கு 40 கணக்கை இந்தத் திரைக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். எந்நாளும் 40ஆக நான் இருக்கலாம் என்று தெரிந்தால் வெறும் பெரும்பான்மை விதிக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

இன்னொன்றை அவ்வளவாக யாரும் எடுத்தாள்வதில்லை. நியாயமான நடைமுறைகளை ரால்ஸ் மூன்றாகப் பிரித்தார். அப்பத்தை ஒருவர் வெட்ட, மற்றவர் முதலில் எடுப்பது: எது சரியான விளைவு என்று முன்பே தெரியும், அதை உறுதியாகத் தரும் வழியும் இருக்கிறது. குற்ற விசாரணை: சரியான விளைவு என்ன என்று தெரியும், குற்றவாளி மட்டும் தண்டிக்கப்பட வேண்டும், உறுதியாகத் தரும் வழி கிடையாது. நேர்மையான சூதாட்டம்: சரியான விளைவு என்று தனியாக ஒன்று இல்லை, நடைமுறை நேராக இருந்தால் வந்ததெல்லாம் நியாயம். கையில் உள்ள வேலை இந்த மூன்றில் எது என்று கண்டுகொண்டால் பாதிச் சண்டை தீரும். சலுகை வீடுகள் 10, சமத் தகுதியுள்ளவர் 50 என்றால் அது மூன்றாம் வகை. குலுக்குங்கள், நேர்காணல் வைத்தால் சிபாரிசு நுழையும். பாலம் தாங்குமா என்பதற்குச் சரியான விடை உண்டு, தெரிந்தவரிடம் விடுங்கள். எல்லையை வரைபவர் ஒருவர், பகுதியை முதலில் தேர்ந்தெடுப்பவர் இன்னொருவர் என்று பிரிக்க முடிந்த எதையும் அப்படியே பிரித்துவிடுங்கள்.

விதி எழுதும்போது

வேலையை முதலில் எழுதி, ஆளைத் தேடுவது பிறகு. ஒரே குழுவுக்கு எல்லா அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கிறது. எங்கே போவது என்ற முடிவு எல்லாருடைய வாக்குக்கு. அந்த முடிவை நிறைவேற்றும் தலைமை தேர்தலுக்கு, குறுகிய தவணையோடு. கணக்குத் தணிக்கை, தொகுதி எல்லை வரைவது, உறுப்பினர் சம்பளம் நிர்ணயிப்பது ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கையில் விடவே கூடாது. அவர்களே அதில் பங்காளிகள். இவை குலுக்கலுக்கு. தொழில்நுட்பக் கேள்விக்கு நிபுணர் கருத்து, ஆனால் எழுத்தில், எல்லாரும் படிக்கும்படி, மாற்றுக் கருத்துள்ள நிபுணரின் குறிப்போடு.

ஒருவருடைய அடிப்படை உரிமையைத் தொடும் முடிவுக்கு வரம்பை உயர்த்துங்கள், ஆனால் உயர்த்துவதில் நிதானம் வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு என்றால், 34 பேருக்கு 66 பேரைத் தடுக்கும் உரிமை தருகிறீர்கள் என்று பொருள். ஏற்கெனவே சாதகமாக இருப்பவருக்கு எந்த மாற்றமும் வேண்டாம் என்பதால், உயர்ந்த வரம்பு பழைய அநீதிக்கும் காவல் நிற்கும். தனி நபர் உரிமையைப் பறிக்க உயர்ந்த வரம்பு, விலக்கி வைக்கப்பட்டவரைச் சேர்க்கச் சாதாரணப் பெரும்பான்மை என்று இரண்டாகப் பிரித்து எழுதுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

கடைசியாகக் கணக்கு ஒப்படைக்கும் விதி. சலிப்பூட்டும் பிரிவு என்று எல்லாரும் தள்ளிவைப்பது இதைத்தான். ஏதென்சில் பதவி முடிந்தவர் கணக்குக் காட்டித் தேறும்வரை நாட்டை விட்டுப் போக முடியாது, சொத்தைத் தெய்வத்துக்கு எழுதி வைக்கவும் முடியாது. உத்திரமேரூர்க் கல்வெட்டு இன்னும் கறார்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் ஓலையில் ஏறாது. அவர் தந்தை பெயரும் ஏறாது, மகன் பெயரும் ஏறாது. அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மருமகன் என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.